முகவரி மாற்றம்

வண்டன்மேட்டில்
ஏலத்தை ஏலம் விடுவார்கள்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால்
குரியாக்கோஸ் முதலாளி சிரிக்கமாட்டார்.
அவர் மொழியில் இது லேலம்,
ஓர் எழுத்தில் தப்பித்துவிடுகிறார்.

நான் சரக்குக் குறிப்பேடு எழுதுகிறவன்.
எட்டு மில்லி, ஏழு மில்லி, வெடிப்பு, கருங்காய்.
இடப்பக்கம் எடை, வலப்பக்கம் விலை.
ஓரத்தில் விரற்கடை இடம் இருக்கும்;
ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று
அதில் பென்சிலால் எழுதிவைப்பேன்.
யாரும் கேட்டதில்லை.

அந்த ஓரத்தில்தான் கிடக்கிறது
நான் கண்ணால் பார்க்காத
இரண்டு நாடுகளின் உறவு.

ஒன்று மணல்.
விருந்தாளியின் காப்பியில் ஏலம் மணக்காவிட்டால்
அவமானமாக நினைக்கும் நாடு.
மற்றது எங்களைப்போலவே மழை, மலை.
எரிமலைகூட உண்டாம்.
யாரோ கொண்டுபோன விதை அங்கே வேர்பிடித்து
எங்களைவிட அதிகம் காய்க்கிறது.
அவர்கள் அடுப்படியில் மட்டும்
அதற்கு வேலையில்லை என்கிறார்கள்.
காய்த்ததெல்லாம் கப்பலேறும்.

இரண்டுக்கும் நடுவே முதலில் தூதர் போகவில்லை,
மூட்டை போனது.
மூட்டைக்குப் பின்னால் ரசீது,
ரசீதுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர்,
கொடி அவருக்கும் பின்னால்தான்.

ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:
"கிலோவுக்கு இருநூறு கூடுதல். காரணம், வீடு மாற்றம்."
மூன்றாவது தேசம் ஒன்றில் இருந்த
தங்கள் தூதரகத்தை
ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு
மாற்றப்போவதாக மலைநாடு சொன்னது.
அந்த ஊரின் பெயரைக் கேட்டதும்
மணல்நாட்டுக்கு முகம் சிவந்தது.
உங்கள் காய் வேண்டாம் என்றது.

பதினேழு நாள்.
போடி வியாபாரி குழந்தைவேலு
காயை நகத்தால் கீறி மோந்துகூடப் பார்க்கவில்லை,
தூக்கிய கையை இறக்கவில்லை.
முதலாளி புது ஜீப் வாங்கினார்.
பேச்சித்தாய்க்குக் கூலி பத்து ரூபாய் கூடியது.
காரணம் சொன்னேன்.
"எவனோ வீடு மாத்துனதுக்கா?"
"மாத்தல. மாத்தப்போறேன்னு சொன்னதுக்கு."
"அப்ப மாசாமாசம் சொல்லச் சொல்லுய்யா."

பதினெட்டாம் நாள்
சின்னக் குரலில் ஒரு வருத்தம், ஓர் அறிக்கை, சமாதானம்.
மேசை நாற்காலி ஏற்றிய லாரி
பாதி வழியில் திரும்புவதாக
நானே நினைத்துக்கொண்டேன்.
விலை இறங்கியது. பத்து ரூபாயும் இறங்கியது.
ஜீப் இருந்தது.

அதே குறிப்பேட்டில் வெகுபக்கம் தள்ளி
எடையும் இல்லை, விலையும் இல்லை.
அது பக்கத்துச் சண்டை.
அணைத் தண்ணீருக்காகக் கம்பம்மெட்டில்
சங்கிலி விழுந்த மார்கழி.
விடியுமுன் பெண்களை ஏற்றி வரும் வண்டிகள்
அடிவாரத்திலேயே நின்றன.
சரத்தில் காய் பழுத்து வெடித்தது,
எலிக்கு அறுவடை.
அந்த வாரம் முழுக்க
நான் தும்மியதுகூட மலையாளத்தில்தான்.

இரண்டு சமுத்திரம் தாண்டிச் சண்டைபோட்டால்
பேசித் தீர்க்க ஆள் இருக்கிறது,
அவர் காரில் கொடி இருக்கிறது.
இந்த மேட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும்
இருபது கிலோமீட்டர்.
யாரை அனுப்புவது?

பதினோராம் ராத்திரி
ஜீப்பை வீட்டிலேயே போட்டுவிட்டு
காட்டுப்பாதையில் நடந்து வந்தான் தவசி,
சட்டைக்குள் ஒரு கடிதம்.
கணக்கு நோட்டில் கிழித்த தாள்.
முதலாளிக்குத் தமிழ் படிக்க வராது.
நான் வாசித்தேன்:

"போன வாரக் கூலியில் நூற்றுநாற்பது குறைகிறது.
என் மழைக்கோட்டு ஸ்டோரில் தொங்குது.
எலி கடிக்காமப் பாத்துக்கங்க.
பேச்சித்தாய்."

அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.
நூற்றைம்பது எடுத்து,
பத்தை என்ன செய்வது என்று யோசித்து,
சேர்த்தே கொடுத்தார்.
பிறகு டார்ச்சோடு ஸ்டோருக்குள் போய்
மழைக்கோட்டை இறக்கி, ஒருமுறை உதறி,
அதைவிட உயரமான ஆணி தேடினார்.